இன்னலே மழை

எங்கள் அலுவலகத்துக்குப் புதிய இணையதளம் வருகிறதாம். பழையதைக் கழித்துக் கட்டிவிட்டு, மேகமெல்லாம் அசைகிற மாதிரி ஒன்றைச் செய்கிறார்கள். அதையொட்டி ஒரு மலர் போடப் போவதாகவும், ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமென்றும், இப்போது என் நாற்காலியில் இருக்கும் ஸ்மிதா போன் செய்தாள். பழைய தளத்தை உண்டாக்கியதில் எனக்குப் பெரிய பங்கு உண்டாம். புதிதாக வந்தவர்களுக்கு உற்சாகம் பிறக்கிற மாதிரி எழுத வேண்டுமாம். "தமிழில எழுதித் தந்தா மதி சேச்சி. நாங்க இங்கே மலையாளத்திலாக்கிக்கறோம்" என்றாள். மலையாளத்தில் மதி என்றால் போதும், சேச்சி என்றால் அக்கா. மறுபடியும் தமிழிலிருந்தா என்று கேட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

உற்சாகம் பிறக்கும்படி எழுத எனக்குத் தெரியாது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதத்தான் சம்பளம் கொடுத்தார்கள். அதிலும் ஒரு செவ்வாய்க்கிழமை தவறினேன். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. மலரில் போடுவார்களா என்பது அவர்கள் பாடு.

பெயர் முத்துலட்சுமி. கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் நாலாவது தலைமுறை. வீட்டில் ரேஷன் கார்டு மலையாளத்தில், சாமி படத்துக்குக் கீழே இருக்கும் எழுத்து தமிழில், சண்டை இரண்டிலும். முப்பத்து மூன்று வருடம் வானிலை நிலையத்தில் வேலை. படகுத்துறைக்குப் போகிற வழியில் ஒரு மதில், உள்ளே கொஞ்சம் புல்தரை, நடுவில் நாலு கால் வைத்த வெள்ளை மரக் கூண்டு. அதற்குள் வெப்பமானிகள் இருக்கின்றன. புறா வளர்க்கிறீர்களா என்று கேட்டவர்கள் உண்டு. ஆமாம், முட்டை வேண்டுமா என்று நான் திருப்பிக் கேட்டதும் உண்டு.

வேலையில் சேர்ந்ததும் சென்னையில் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். மேகங்களுக்கு வாயில் நுழையாத பெயர்கள் கற்பித்தார்கள். மிஞ்சியது இரண்டு விஷயங்கள். கண்ணை அளவுக்கு நேராக வைத்துப் பார். பார்த்ததை மட்டும் எழுது. இரண்டாவதைச் சொல்லிவிட்டு வாத்தியார், "பார்க்காம எழுதினா அது வானிலை இல்லம்மா, ஜாதகம்" என்பார். வகுப்பே சிரிக்கும். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்.

மழை அளப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. புல்தரையில் புனல் வைத்த ஒரு குப்பி பதித்திருக்கும். காலை எட்டரைக்குப் போய்ப் புனலைத் தூக்கி, குப்பியில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்ற வேண்டும். குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்கக் கூடாது. சமமான இடத்தில் வைத்து, குனிந்து, தண்ணீர் நடுவில் தாழ்ந்திருக்கும் இடத்தைப் படிக்க வேண்டும். சிறிய நோட்டில் பென்சிலால் எழுதி, பிறகு பெரிய பதிவேட்டில் மையால் ஏற்ற வேண்டும். ஒரு சொட்டும் பெய்யாத நாளிலும் போய்த் திறந்து, கவிழ்த்துப் பார்த்து, மூடிவிட்டு வந்துதான் பூஜ்யம் எழுத வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து பூஜ்யம் போட ஆள் தேவையில்லை.

இதில் ஒரு சங்கதி உண்டு. மற்றவர்களுக்கு நாள் நடுராத்திரியில் பிறக்கிறது. எங்களுக்குக் காலை எட்டரைக்கு. புதன்கிழமை காலை நான் அளக்கும் தண்ணீர், செவ்வாய் காலை எட்டரைக்கு மேல் பெய்த மழை. அதைப் புதன்கிழமைத் தேதியில்தான் எழுதுவோம். குழப்பம் வராமல் இருக்கப் பதிவேட்டின் தலையிலேயே "காலை எட்டரை வரையான இருபத்து நான்கு மணி நேரத்து மழை" என்று அச்சடித்திருக்கும். முப்பது வருடம் அந்தத் தலைப்பின் கீழே எழுதினேன். ஒரு நாளும் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஏனென்றால் ஒருவரும் அதைப் படித்ததில்லை.

படிக்க வைப்பதற்காகத்தான் இணையதளம் வந்தது. நான் ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. அப்போது எங்கள் மேலதிகாரி ஜெயபாலன் ஸார். நல்ல மனிதர், சத்தம் போட்டதே இல்லை. எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் முதல் வரியைப் படிப்பார், கையெழுத்துப் போடுவார். இரண்டாவது வரி என்று ஒன்று உலகத்தில் இருப்பதாக அவருக்கு யாரும் சொல்லவில்லை. செய்ய விருப்பமில்லாத காரியம் என்றால் "நோக்காம்" என்பார். பார்க்கலாம் என்று பொருள். அவர் நோக்காம் என்ற எதையும் பிறகு யாரும் பார்த்ததில்லை.

இணையதளத்தை மட்டும் அவர் மொபைலில் பார்த்தார், விடாமல் பார்த்தார். மொபைலைக் கை நீட்டிப் பிடித்து, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, எந்தச் சொல் வரி தாண்டுகிறதோ அதை வெட்டச் சொல்வார். 'ஒப்பு ஈரப்பதம்' வெட்டுப்பட்டு 'ஈரம்' ஆயிற்று. காற்றின் பழைய அளவுகளை மணிவாரியாக வைக்க இடமில்லையென்று அதையும் தூக்கினார்கள். வானிலை நிலையத்தில் காற்று வைக்க இடமில்லை என்பதை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

தளம் செய்தது ஒரு கோயம்புத்தூர்க் கம்பெனி. தளத்தில் மூன்று மொழிகள். கொச்சியில் கட்டட வேலை, ஹோட்டல், படகு என்று எங்கு பார்த்தாலும் தமிழ் ஆட்கள், ஆகவே தமிழும் வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு. அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி. கம்பெனியும் தமிழ். ஆகவே முதலில் தமிழில் தலைப்புகளைச் செய்து, அதிலிருந்து மிஷினில் போட்டு ஆங்கிலமும் மலையாளமும் எடுத்துக்கொள்வது என்று ஸார் முடிவு செய்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை. முப்பது வருடத்தில் முதல் தடவையாக என் தமிழுக்கு ஆபீசில் ஒரு நாற்காலி கிடைத்தது.

ஸார் தம் கையாலேயே எழுதித் தந்த பட்டியலில் காயல் நீரின் சூட்டுக்கு 'வெள்ளத்தின் சூடு' என்று இருந்தது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். தமிழில் ஊரை அடித்துக்கொண்டு போவது. அப்படியே போட்டிருந்தால் கொச்சியிலுள்ள தமிழர்கள் தினமும் காலையில் மூட்டை கட்டியிருப்பார்கள். நான் அதைப் பிடித்து 'நீரின் வெப்பம்' என்று திருத்தினேன். இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். கம்பெனிக்காரரிடம், வீட்டில், மீன்காரி பிலோமினாவிடம்கூடச் சொன்னேன். அவளுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

மழைக்கு வந்தோம். பதிவேட்டுத் தலைப்பை ஸார் மொபைலில் போட்டுப் பார்த்தார். நாலு வரி போயிற்று. "இது நிக்காது சேச்சி. ஒற்றை வாக்கு போதும்" என்றார். வாக்கு என்றால் சொல். அன்றைக்கே கோயம்புத்தூரிலிருந்து கார்த்திகேயன் போன் செய்தார். தலைப்புகளைத் தட்டுகிறவர் அவர்தான்.

"மேடம், தினமும் காலையில மழை அளவு தர்றீங்களே, அது எந்த நாள் மழைங்க?"

"இன்னலே மழ" என்றேன்.

"இன்னைல மழைங்களா?"

"அதே. இன்னலே."

"இல்லீங்க, காலையிலேயே அளந்துடறீங்க, அதான் கேட்டேன். இன்னைலதுதானுங்களே?"

"பின்னே? நான் முப்பது வருஷமா அளக்கறேன். இன்னலத்ததுதான்."

"சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் நேற்று என்ற சொல் கிடையாது. அது பாடப்புத்தகத்தில் இருப்பது. பேசும்போது இன்னலேதான், அது மலையாளம் என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை, எங்கள் வீட்டுச் சொல் என்றே நினைத்திருந்தேன். கோயம்புத்தூர்க்காரர் காதில் அது இன்றைக்கு என்று விழுந்தது. வெள்ளத்தைப் பிடித்த கெட்டிக்காரி, இன்னலேயைக் கோட்டை விட்டேன். இரண்டு பேரும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, வெவ்வேறு நாளை ஒத்துக்கொண்டோம்.

தளத்தில் 'இன்றைய மழை' என்று வந்தது. அதிலிருந்து ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் அப்படியே. சரிபார்க்க வேண்டாமா என்றால், பார்த்தோம். நடந்தது பிப்ரவரி. பத்து நாள் மாதிரிப் பக்கத்தை அச்செடுத்து என் மேசையில் வைத்தார்கள். பத்து நாளும் மழை பூஜ்யம். பதிவேட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். நேற்றைய பூஜ்யத்துக்கும் இன்றைய பூஜ்யத்துக்கும் முகத்தில் வித்தியாசம் இருக்கிறதா? எண்களைப் பார்த்தேன், தலைப்பைப் பார்க்கவில்லை. 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அழகாக இருக்கும் என்று அந்தப் பெயரையும் பக்கத்தின் அடியில் ஏற்றிவிட்டார்கள்.

திறப்பு விழாவுக்குப் பெரியவர் ஒருவர் வந்து பொத்தானை அமுக்கினார். புல்தரையில் ஒரு கம்பமும் நட்டார்கள். அதில் மாட்டிய கருவிகளிலிருந்து எண்கள் தாமாகவே கிளம்பித் தளத்துக்குப் போகும் என்பது திட்டம். காயலின் உப்புக் காற்றுக்கு யாரும் திட்டத்தைச் சொல்லவில்லை போலிருக்கிறது. மூன்றாம் மாதமே இணைப்புகளில் பச்சை பூத்தது. மழை பிடிக்கும் வாயைக் காக்கை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியது. கடைசியில் காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் நான் பார்த்து, கம்ப்யூட்டரில் தட்டி அனுப்ப வேண்டியதாயிற்று. தளத்தின் தலையில் மட்டும் 'முழுவதும் தானியங்கி' என்று ஓடிக்கொண்டே இருந்தது. அந்தத் தானியங்கி நான்தான்.

மழைக்காலம் வந்ததும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம் ஜெயபாலன் ஸார் முழங்கால் வரை நனைந்து உள்ளே வந்தார். கைக்குட்டையை ஜன்னலுக்கு வெளியே பிழிந்துகொண்டே மொபைலைத் தட்டிப் பார்த்து, "இன்னு மழையில்லல்லோ" என்றார், இன்று மழை இல்லையே என்று. பின்வரிசையில் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஒரு மாதம் அதுவே ஆபீசில் பேச்சு. சிரித்தோமே தவிர, தளம் ஏன் அப்படிச் சொல்கிறது என்று ஒருவர்கூட எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. மேலதிகாரியைப் பார்த்துச் சிரிக்கும் சுகத்தில் தலைப்பு யாருக்கு வேண்டும்?

அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஐப்பசி மழைக்கு எங்கள் ஊரில் ஒரு குணம் உண்டு. மட்டாஞ்சேரியில் சட்டி சட்டியாகக் கொட்டும். காயலுக்கு அக்கரையில் எறணாகுளத்தில் துணி உலரும். அன்று மத்தியானம் மூன்று மணிக்குப் பிலோமினா தோப்பும்படியிலிருந்து போன் செய்தாள். "நல்ல நெய்மீன் வந்திட்டுண்டு சேச்சி. வேகம் வா." நெய்மீன் என்றால் வஞ்சிரம். வீட்டுக்குச் சம்பந்தி வருகிற நாள். ஐந்தரை அளவு பாக்கி இருந்தது. கூண்டைத் திறந்து மூன்றரைக்கே பார்த்தேன். வானம் மந்தமாக இருந்தது, இலை அசையவில்லை. வெப்பத்தில் ஒரு டிகிரி குறைத்துக்கொண்டு, ஐந்தரைக்கு என்று நேரம் போட்டு, 'காற்று அமைதி, மழை இல்லை' என்று தட்டி அனுப்பிவிட்டுப் பை எடுத்தேன்.

ஜாதகம் எழுதினேன் என்று சொன்னால் போதும்.

நாலேகாலுக்கு வானம் உடைந்தது. தோப்பும்படியில் பிலோமினாவின் ஷெட்டுக்கு அடியில் நெய்மீன் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திரும்பிப் போயிற்று. எதிரே பாலம் இருந்த இடத்தில் பாலத்தைக் காணவில்லை. முக்கால் மணி நேரம் அப்படி அடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி வெயில் வந்தது. புதன்கிழமை காலை அளந்தால் அறுபத்தெட்டு மில்லிமீட்டர் சொச்சம். புதன் தேதியில் தட்டினேன். அதற்கு மேலே செவ்வாய் மாலையின் 'காற்று அமைதி' கண்ணில் பட்டது. ஐந்தரைக்கு மழை விட்டு அமைதியாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நகர்ந்தேன்.

அந்த மழையில் மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் ஒரு தனியார்ப் படகு தூணில் மோதி, முன்பக்கம் உடைந்து, ஒரு அம்மாவுக்குக் கை முறிந்தது என்று மறுநாள் பேசிக்கொண்டார்கள். நான் உச்சுக் கொட்டினேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் படகின் ஸ்ராங்கு என்னைத் தேடி வந்தார். எங்கள் ஊரில் படகு ஓட்டுகிறவரை அப்படித்தான் சொல்வோம். பெயர் செல்வராஜ். தூத்துக்குடிப் பக்கம், பள்ளுருத்தியில் குடியேறி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நடு வயது, சட்டையைச் சுத்தமாக இஸ்திரி போட்டிருந்தார். நாலாக மடித்த ஒரு தாளை மேசையில் விரித்தார். எங்கள் தளத்தின் பக்கம்.

"அக்கா, அடியில போட்டிருக்கறது உங்க பேருதானே?"

ஆமாம் என்றேன்.

"அன்னைக்கு மழையே இல்லேன்னு இதில இருக்கு. காத்தும் இல்லியாம். போட்டுக் கம்பெனி இதைக் காட்டித்தான் என்கொயரியில பேசுது. நான் கள்ளம் பறையறேன்னு, பொய் சொல்றேன்னு ஆயிப்போச்சு. லைசென்ஸைப் பிடுங்கப் போறாங்க."

"போட்டில இருந்த ஆளுங்க சொல்லலையா?"

"சொன்னாங்க. நனைஞ்சோம்னு சொன்னாங்க. ஓர்மை தெற்றும், சைட்டு தெற்றாதுன்னு ஆபீசர் சொல்லிட்டாரு." ஞாபகம் தப்பும், இணையதளம் தப்பாது என்று பொருள். தாளைத் தடவித் தடவி மடிப்பை நேராக்கினார். "சாதா மழை இல்லக்கா. முன்னாடி கயிறோட நிக்கிற ஆளையே காணல. மணி அடிச்சிட்டே வந்தேன். எனக்குக் கடல் புதுசில்ல. லைசென்ஸ் போனாக்கூட வேற வேலை பார்ப்பேன். கள்ளன்னு எழுதிட்டா எந்தப் போட்டில ஏறுவேன்?"

தாளைப் பார்த்தேன். செவ்வாய்: இன்றைய மழை, பூஜ்யம். புதன்: இன்றைய மழை, அறுபத்தெட்டு. அப்போதுதான் அந்தத் தலைப்பை முதன்முதலாகப் படித்தேன். கார்த்திகேயனின் குரல் காதில் கேட்டது. இன்னைலதுதானுங்களே? பின்னே? அதற்குக் கீழே காற்று அமைதி. அதுவும் நான். அந்த மனிதரின் தலையில் இறங்கிய இரண்டு அடியும் என் கையிலிருந்து போனவை. 

இதைப் படிப்பவர்கள் நான் அங்கேயே எழுந்து உண்மையைச் சொன்னேன் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் சொன்னது "நோக்காம்."

செல்வராஜ் தலையாட்டிவிட்டுப் போனார். இருபது வருடம் இங்கே இருந்தவருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாமல் இருக்குமா?

ஜெயபாலன் ஸாரிடம் போனேன். தலைப்பு தவறு என்று பதிவேட்டை விரித்துக் காட்டினேன். நெய்மீனைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஸார் பதிவேட்டின் முதல் வரியைப் படித்தார்.

"சைட் தெற்றில்லா. வாயிச்சவங்க தெற்று" என்றார். வாயிப்பது என்றால் படிப்பது.

"இன்றைய மழைன்னு போட்டா இன்றைய மழைன்னுதான் ஸார் வாயிப்பாங்க."

"திறந்து எட்டு மாசம் ஆச்சு. இப்போ தெற்றுன்னு சொன்னா, எட்டு மாசமும் தெற்றுன்னு ஆகும். வேணும்னா ஒச்சையில்லாம ஹெட்டிங்கை மாற்றலாம். அந்தக் கடலாசு போனது போகட்டே." ஒச்சை என்றால் சத்தம், கடலாசு என்றால் காகிதம். "சேச்சிக்கு ரிட்டயர் ஆக நாலு மாசம் கூடி உண்டு. சேச்சியோட பேரு அடியில உண்டு. எதுக்கு?"

அந்த 'எதுக்கு' என் காதுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஸாரைக் கோழை என்று திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். உள்ளுக்குள் அவருக்கு நன்றியும் சொன்னேன். முப்பது வருடம் அவரைப் போன்றவர்களைக் கேலி செய்து பிழைத்தவள் நான். அவர் இரண்டாவது வரியைப் படிக்காதவர். நான் படித்துவிட்டுப் படிக்காதவள் மாதிரி இருந்தவள். எங்கள் இருவரில் யார் மோசம் என்று நீங்களே சொல்லுங்கள்.

விசாரணையின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வியாழன் காலை மழை இல்லை. வழக்கம்போல் குப்பியைத் திறந்து, கவிழ்த்து, பூஜ்யம் எழுதக் குனிந்தேன். பென்சில் ஓடவில்லை. இந்தப் பூஜ்யத்தை நம்பி இன்றைக்கு யார் எங்கே என்ன சொல்லிக்கொண்டு நிற்கிறாரோ என்று தோன்றியது. அப்படித் தோன்ற எனக்கு முப்பத்து மூன்று வருடம் ஆகியிருக்கிறது, வெட்கக்கேடு. பதிவேட்டிலிருந்து எடுத்த நகலுக்கு ஒரு முகப்புத் தாள் வைத்தேன். முதல் வரி: 'நிலையத்தின் அளவுகள் சரியானவை.' இரண்டாவது வரி: 'இணையதளத்தின் தலைப்பு தவறானது, தந்தவளும் சரிபார்த்தவளும் நானே.' ஸாரிடம் நீட்டினேன். அவர் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டார்.

விசாரணை அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. விசாரணை அதிகாரி நகலை மூன்று முறை படித்தார். இரண்டாவது வரி படிக்கிற அதிகாரியை அன்றுதான் பார்த்தேன். செல்வராஜ் சுவரோரம் அதே இஸ்திரிச் சட்டையில் நின்றார்.

அதிகாரி மலையாளத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன். "செவ்வாய் காலை எட்டரையிலிருந்து புதன் எட்டரை வரை அறுபத்தெட்டு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடுராத்திரியிலும் பெய்திருக்கலாமே. மாலை அளவில் காற்று அமைதி, மழை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்."

இங்கேதான் கதவு இருந்தது. எனக்குத் தெரியாது ஸார் என்று சொல்லி வெளியே போயிருக்கலாம். தலைப்புத் தவறை ஒத்துக்கொண்ட நல்ல பெயரும் மிஞ்சியிருக்கும். சுவரோரம் இருந்தவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் என்னைச் சுட்டது.

"அந்த மாலை அளவு பொய் ஸார். மூன்றரைக்கே எழுதி வைத்துவிட்டு மீன் வாங்கத் தோப்பும்படிக்குப் போனேன். நாலேகாலுக்கு அங்கே மழையில் மாட்டினேன். எதிரே இருந்த பாலம் தெரியவில்லை. வேண்டுமானால் மீன்காரியைக் கேளுங்கள், அவள் ஷெட்டில்தான் நின்றேன்" என்றேன்.

 படகுக் கம்பெனித் தரப்பு ஆள் எழுந்தார். "ஸாரே, இவரும் தமிழ், அவரும் தமிழ். தமிழும் தமிழும் சேர்ந்தா இப்படித்தான்" என்றார்.

"தமிழ் ஒழுங்கா தெரிஞ்சிருந்தா இந்தத் தப்பே வந்திருக்காது" என்றேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. நான் சொன்னதை என் கைப்படவே எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு ஒருத்தி பொய் சொல்ல மாட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, செல்வராஜின் லைசென்ஸ் அவர் கைக்கே திரும்பி வந்தது. கள்ளன் என்று யாரும் எழுதவில்லை.

என் கைக்கு வந்தது மெமோ. பணி நேரத்தில் எங்கே போனாய், ஏன் போனாய். ஜெயபாலன் ஸார் என் பதிலின் வரைவைப் பார்த்துப் பதறிவிட்டார். அன்று முதல் வரியிலேயே விஷயம் இருந்தது. "நெய்மீன்னு எழுதாதே சேச்சி. தவிர்க்க முடியாத சொந்தக் காரியம்னு எழுது." தவிர்க்க முடியுமே ஸார், எப்போதும் கிடைக்கிற அயிலை மீனை வாங்கியிருக்கலாமே என்றேன். நெய்மீன் என்றே போயிற்று. என் பென்ஷன் தாள்கள் சில மாதம் யார் யார் மேசையிலோ ஓய்வெடுத்தன. வழியனுப்பு விழாவில் என்னைப் பற்றிப் பேச வந்தவர்கள் எல்லோரும் என் சமையலைப் பற்றிப் பேசினார்கள்.

தளத்தின் தலைப்பைத் திருத்தினார்களா என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் திருத்தினார்கள், மலையாளத்தில் திருத்தினார்கள். தமிழில் இன்றுவரை 'இன்றைய மழை'தான். நான் ஓய்வு பெற்று வந்த பிறகு அங்கே அதைப் படிக்க ஆள் இல்லை. மூன்று தடவை எழுதிப் போட்டேன். நோக்காம் என்று பதில் வந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் செல்வராஜின் படகில் ஏறினேன். நன்றி கின்றி என்று ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே ஏறினேன். சொன்னால் எங்கே பார்ப்பது? அவர் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அன்னைக்கு வாங்கின நெய்மீன் நல்லாருந்துச்சாக்கா?"

நல்லாருந்தது என்றேன். அதுதான் உண்மை. சம்பந்தி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். செல்வராஜ் தலையாட்டினார். 

நேற்று ஸ்மிதாவிடமிருந்து ஒரு கவர் வந்தது. இன்னலே என்று எழுதவில்லை, கவனியுங்கள். புதிய தளத்தின் மாதிரிப் பக்கம், தமிழில். சேச்சி ஒரு முறை பார்த்து, அடியில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். திறப்பு விழா அடுத்த வாரமாம். விரித்துப் பார்த்தேன். இதுவும் பிப்ரவரி. பத்து நாள், பத்துப் பூஜ்யம்.

கையெழுத்துப் போடாமல் அதே கவரில் திருப்பி அனுப்பினேன். மழை பெய்த பிறகு அனுப்பு என்று மேலே எழுதினேன், முதல் வரியிலேயே.